தென்னாப்பிரிக்காவில் வாய்ச் சுகாதார வல்லுநராக விரும்புவோருக்கு

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் மண்டபத்தில் பிரசாதம் வாங்கிக்கொண்டிருக்கும்போது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையைக் கையோடு அழைத்துவந்து தாய்மார்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பல் டாக்டர் படிப்புக்கு மார்க் போதாதவங்க போற படிப்பா இது?" இல்லை. வாய்ச் சுகாதார வல்லுநர் என்பது தனித் தொழில். தனிப் பட்டம், தனிப் பதிவு, தனிப் பொறுப்பு கொண்டது. டர்பனில் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறவள் என்ற முறையில், இதற்குள் வர நினைப்பவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். முதல் வேலையை மட்டும் மனத்தில் வைத்துத் திட்டமிடாமல், இருபது முப்பது ஆண்டுகள் இந்தக் கையையும் முதுகையும் வைத்துக்கொண்டு உழைக்கப் போகிறோம் என்ற நினைப்போடு ஒவ்வொரு படியையும் எடுத்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொழிலின் எல்லையை முதலில் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். பல் மருத்துவமனையில் டாக்டரின் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக்கொடுப்பவர் டென்டல் அசிஸ்டென்ட். பல் பிடுங்குவது, சொத்தையை அடைப்பது போன்ற அடிப்படைச் சிகிச்சைகளைச் செய்பவர் டென்டல் தெரபிஸ்ட். இந்நாட்டில் ஓரல் ஹைஜீனிஸ்ட் என்று அழைக்கப்படும் வாய்ச் சுகாதார வல்லுநரின் வேலை நோய் வராமல் தடுப்பதும், ஈறு நோயைத் தொடக்கத்திலேயே பிடிப்பதும் ஆகும். ஈறுக்கு மேலும் கீழும் படிந்திருக்கும் காரையை அகற்றுதல், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உண்டாகும் ஈறுப் பையின் ஆழத்தை அளந்து குறித்தல், எக்ஸ்ரே எடுத்தல், ஃபுளோரைடு பூசுதல், குழந்தைகளின் கடைவாய்ப் பற்களில் உள்ள பள்ளங்களை அடைத்து மூடுதல் ஆகியவற்றோடு, வீட்டில் பல்லை எப்படிப் பேணுவது என்று நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பதும் இதில் அடங்கும். கடைசியாகச் சொன்னதை எளிதானது என்று எண்ணிவிட வேண்டாம், அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. இந்தத் தொழில் பிறந்ததே கற்பிப்பதற்காகத்தான். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906இல் தம் உதவியாளர் ஐரின் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யும் பயிற்சி அளித்தார். 1913இல் இதற்கென முதல் வகுப்பைத் தொடங்கினார். அங்கே பயின்று வெளிவந்த பெண்கள் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்ததோடு, பல் துலக்கவும் கற்றுக்கொடுத்தார்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், அருகிலுள்ள ஒரு ஹைஜீனிஸ்டிடம் அனுமதி கேட்டு ஒரு முழு நாள் அவரோடு இருந்து பாருங்கள். அரை மணி நேரம் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். காலை எட்டு மணிக்குத் தொடங்கிய அவர் மாலை நான்கு மணிக்கு எப்படி உட்கார்ந்திருக்கிறார், கழுத்தை எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறார், கடைசி நோயாளியிடம் பேசும்போது குரலில் பொறுமை மிஞ்சியிருக்கிறதா என்பதைக் கவனித்தால்தான் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். எச்சிலும் ரத்தமும் வாய் நாற்றமும் நாள் முழுவதும் கூடவே இருக்கும். அது பழகிவிடும். பழகாதது அவசரம்தான், இயல்பிலேயே அவசரக்காரராக இருப்பவருக்கு இந்த வேலை பெரும் துன்பமாகிவிடும்.

எந்தப் பாடங்களை எடுப்பது என்பது பத்தாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்பதைப் பெற்றோர் பலர் உணர்வதில்லை. மெட்ரிக் எனப்படும் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் கணிதம் இருக்க வேண்டும். மதிப்பெண் சுலபமாக வருகிறது என்று எளிய மாற்றுப் பாடமான மேத்தமெட்டிக்கல் லிட்டரசிக்கு மாறிய பிள்ளைகளுக்குப் பல இடங்களில் இந்தக் கதவு அங்கேயே சாத்திக்கொள்கிறது. உயிரியல் பாடமான லைஃப் சயன்சஸும் ஆங்கிலமும் பெரும்பாலும் அவசியம். பௌதிகமும் வேதியியலும் சேர்ந்த ஃபிசிக்கல் சயன்சஸ் எல்லா இடங்களிலும் கட்டாயமில்லை என்றாலும், எடுத்திருந்தால் வழிகள் கூடும். சில பல்கலைக்கழகங்கள் நேஷனல் பெஞ்ச்மார்க் டெஸ்ட் எனப்படும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்பதுண்டு.

மூன்று ஆண்டு இளநிலைப் பட்டமே இத்தொழிலுக்கான நுழைவாயில். டர்பனில் இருப்பவர்களுக்கு க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம். கேப்டவுன் பக்கம் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம். வடக்கே பிரிட்டோரியா பல்கலைக்கழகமும் ஜொகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகமும். வெஸ்ட்வில் வளாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர என் மனம் ஒப்பவில்லை. இந்தியர்கள் மற்ற பல்கலைக்கழகங்களில் சேர முடியாதபடி சட்டம் தடுத்த காலத்தில், 1961இல் சாலிஸ்பரி தீவில் இருந்த பழைய கடற்படைக் கட்டடங்களில் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி ஒன்றை அரசு தொடங்கியது. அதுவே வளர்ந்து டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1860இல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்திறங்கியவர்களின் வழிவந்த பெண்கள் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டத்தை வெஸ்ட்வில் மலைமேல்தான் வாங்கினார்கள்.

க்வாசுலு-நட்டாலில் விண்ணப்பங்கள் சி.ஏ.ஓ. எனப்படும் மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகவே போகின்றன. மெட்ரிக் எழுதும் ஆண்டிலேயே, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களை வைத்து, முடிந்தவரை ஆண்டின் முற்பகுதியில் போட்டுவிடுங்கள். சுகாதாரப் படிப்புகளில் இடங்கள் மிகக் குறைவு. குடும்ப ஆண்டு வருமானம் 350,000 ராண்டுக்குள் இருக்கும் தென்னாப்பிரிக்கக் குடிமக்கள் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தோடு அதுவும் தானாகப் போய்விடும் என்று நம்பிக் காத்திருந்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

திருமணமாகியோ வேலை நிமித்தமாகவோ தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் வழங்கப்படும் இரண்டாண்டு டென்டல் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோவோ, அங்கே வாங்கிய பி.டி.எஸ். எனும் பல் மருத்துவப் பட்டமோ, இங்கே ஹைஜீனிஸ்டாக வேலை செய்யும் உரிமையைத் தானாகத் தந்துவிடாது. ஒவ்வொரு தொழிலுக்கும் பதிவு தனித்தனி. வெளிநாட்டுப் பட்டத்தை இங்குள்ள தகுதி ஆணையமான எஸ்.ஏ.கியூ.ஏ. மதிப்பிடும், வேலை செய்யும் அனுமதியை வழங்குவது தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் கவுன்சில். ஊரிலிருந்து புறப்படும் முன்பே பாடத்திட்ட விவரம், மதிப்பெண் பட்டியல், பதிவுச் சான்று ஆகியவற்றைக் கல்லூரியின் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் கடல் கடந்து கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

படிப்பில் சேர்ந்ததும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மாணவராகவே இந்தக் கவுன்சிலில் பதிவு செய்வது. மற்றொன்று, ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குவது. மூன்று ஊசிகளும் முடிய ஆறு மாதங்கள் ஆகும். அதன்பின் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் சிலருக்கு ஊசி போட்டும் பலன் கிடைப்பதில்லை. கருவி கையில் குத்திவிட்டால் அதை மறைக்கக் கூடாது. எச்.ஐ.வி. பரவலாக உள்ள நாட்டில் வேலை செய்கிறோம். தடுப்பு மருந்தை உடனே, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இனி கையைப் பற்றி. மூன்று ஆண்டுகளில் வேறு எதைக் கோட்டைவிட்டாலும் பிறகு படித்துக்கொள்ளலாம், ஆனால் கருவி பிடிக்கும் முறையைத் தவறாகப் பழகிவிட்டால் அதை மாற்றுவது பெரும்பாடு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிரே கருவியைப் பிடிக்க, நடுவிரலின் பக்கவாட்டுத் தசை கருவியின் கழுத்தின் மீது படிந்திருக்க, மோதிர விரல் பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றி நிற்க வேண்டும். விசை விரல்களிலிருந்து வரக் கூடாது. ஊன்றிய விரலை அச்சாகக் கொண்டு மணிக்கட்டும் முன்கையும் சேர்ந்து, பூட்டில் சாவி திருப்புவது போல அசைய வேண்டும். முதலாண்டில் பொம்மைத் தாடையில் பழகும்போது நான் ஊன்றுகோலைப் பற்றுவது போலக் கருவியை இறுக்கிப் பிடித்திருந்தேன். எங்கள் ஆசிரியை பின்னாலிருந்து வந்து, இரண்டு விரலால் கருவியின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது என் கையைவிட்டு வரவில்லை. "இது சுலபமாக உருவிக்கொண்டு வர வேண்டும். வரவில்லையென்றால் நீ பல்லை உணரவே இல்லை" என்றார். அன்று முதல் தளர்வாகப் பிடித்து, காரை இருக்கும் இடத்தில் மட்டும் அழுத்தம் கொடுக்கப் பழகினேன்.

காரையைச் சுரண்டி எடுக்கும் வளைந்த கைக்கருவிகளான கிரேசி கியூரெட்டுகள் உங்கள் அன்றாடத் தோழர்கள் ஆகிவிடும். கடைவாய்ப் பல்லின் முன்பக்கச் சரிவுக்குப் பதினொன்று-பன்னிரண்டு எண்ணிட்ட கருவி, பின்பக்கச் சரிவுக்குப் பதின்மூன்று-பதினான்கு என்று ஒவ்வொன்றுக்கும் இடம் வகுக்கப்பட்டிருக்கிறது. கருவியின் கடைசிக் கழுத்துப் பகுதி பல்லுக்கு இணையாக நின்றால் விளிம்பு தானாகவே சரியான கோணத்தில் அமரும். காரை இருக்கும் வேரின் மேல் செல்லும்போது சொரசொரவென்று ஒரு நடுக்கம் விரலுக்கு வரும். அது அகன்றதும் பரப்பு வழவழப்பாகி நடுக்கம் நின்றுவிடும். ஈறுக்குக் கீழே கண் போகாத இடத்தில் நமக்குக் கண்ணாக இருப்பது அந்த நடுக்கம்தான். மழுங்கிய கருவி இந்தச் செய்தியைக் கடத்தாது. காரையை அகற்றாமல் அதன் மேற்பரப்பை மெழுகிவிட்டுப் போய்விடும். ஆகவே சாணைக்கல்லில் தீட்டுவதை அசிஸ்டென்டிடம் விட்டுவிடாமல் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். தீட்டியபின் பிளாஸ்டிக் குச்சியில் விளிம்பை வைத்துப் பாருங்கள். கூராக இருந்தால் பற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் வழுக்கும். அதிர்வால் காரையை அகற்றும் அல்ட்ராசோனிக் இயந்திரம் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு, இயந்திரம் வேகத்தைத் தரும், விரலின் அறிவைத் தராது என்பதே என் பதில்.

கைக்கு அடுத்தபடியாக மொழி. க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் இளநிலை மாணவர்களுக்கு இசிசூலு பாடம் உண்டு. அதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். "வூலா உம்லோமோ", அதாவது வாயைத் திறங்கள் என்று சூலுவில் சொன்னதும், அரசு மருத்துவமனை நாற்காலியில் விறைத்துப்போய்ப் படுத்திருக்கும் பாட்டியின் தோள் தளர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "குபுஹ்லுங்கு?" என்று வலிக்கிறதா எனக் கேட்கவும், "ங்கியாபோங்கா" என்று நன்றி சொல்லவும் தெரிந்தால் அடுத்த முறை அவர் உங்களைத் தேடி வருவார்.

தமிழ் தெரிந்திருப்பதும் இங்கே மருத்துவப் பயனுள்ளதுதான். நம் சமூகத்தின் முதிய பெண்கள் சிலரிடம் பாக்கு மெல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் புகையிலை உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்துவிட்டு வருவார்கள், அது பொய்யுமில்லை. ஒருமுறை ஓர் ஆயாவின் கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் நார் நாராக விறைப்பாக இருந்தது. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. "ஆயா, பாக்கை எந்தப் பக்கம் ஒதுக்குவீங்க?" என்று கேட்டேன். சற்றும் தயங்காமல் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "புகையிலை போடறதில்லம்மா, வெறும் பாக்குதான்" என்றார். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதியாகச் சொல்கிறது. அன்றே அவரை நிபுணரிடம் அனுப்பினோம். ஆண்டுக்கு இருமுறை ஒருவருடைய வாயை மூலைமுடுக்கெல்லாம் பார்க்கும் ஆள் ஹைஜீனிஸ்ட் ஒருவர்தான். நாக்கின் அடியும் கன்னத்தின் உட்புறமும் பார்க்காமல் பல்லை மட்டும் சுத்தம் செய்து அனுப்புவது அரை வேலை.

பட்டம் கையில் வந்ததும் கவுன்சிலில் முழுப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். 1974ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு இல்லாமல் நோயாளியைத் தொடுவது குற்றம். நான் படித்து முடித்தபோது ஒரு மருத்துவமனையில், பேப்பர் அப்புறம் வரட்டும், நோயாளிகள் காத்திருக்கிறார்கள், திங்கட்கிழமையே வந்துவிடு என்று வற்புறுத்தினார்கள். மறுத்தேன், அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. அந்த மாதம் வீட்டில் பணம் இல்லாமல் பட்ட சிரமம் உண்மை, ஆனாலும் அந்த முடிவுக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. பதிவு எண் வந்தபின் தொழில் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணத்தை ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். மறந்தால் பதிவே நிறுத்திவைக்கப்படலாம்.

முதல் வேலைக்குப் பேசும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் என்பதுதான். ஈறு நோய் உள்ள ஒருவருக்கு ஆழம் அளந்து, எக்ஸ்ரே பார்த்து, சுத்தம் செய்து, வீட்டுப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுக்க அரை மணி போதாது. எத்தனை செட் கருவிகள் இருக்கின்றன, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எத்தனை, கருவிகளைக் கழுவி அடுக்குவது யார் என்றும் கேளுங்கள். கருவிகள் குறைவாக இருந்து நோயாளிகள் அதிகமாக இருந்தால் எங்கோ ஓரிடத்தில் கிருமிநீக்கம் குறுக்கப்படுகிறது என்று பொருள். அரசுப் பணியிடங்கள் குறைவு. தனியார் துறையில் வாரத்தில் இரண்டு நாள் ஓரிடம், மூன்று நாள் வேறிடம் என்று பிரித்து வேலை செய்வதும் வழக்கம். அனுபவம் கூடியபின் தனியாகத் தொழில் நடத்தவும் இங்கே வழியுண்டு. மெடிக்கல் எய்டு எனப்படும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து பணம் பெற, அவற்றின் கூட்டமைப்பான பி.எச்.எஃப். வழங்கும் பிராக்டிஸ் எண் தேவைப்படும். கற்பித்தல், ஆய்வு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்குப் போகிறவர்களும் உண்டு. 1994 முதல் கிராமங்களுக்குச் சென்று சிகிச்சை தரும் அரசுப் போக்குவரத்து நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் பெலோபெபா மருத்துவ ரயிலில் சில வாரங்கள் வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

தொடர்கல்வியைப் பலர் ஆண்டு முடிவில் தலையில் விழும் பாரமாக்கிக்கொள்கிறார்கள். பதிவு பெற்றவர்கள் வகுப்புகள் வழியாக ஆண்டுக்கு 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். அவற்றில் குறைந்தது 5 அறநெறி, மனித உரிமை, மருத்துவச் சட்டம் சார்ந்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் 24 மாதங்கள் செல்லும். கவுன்சில் திடீரென்று சிலரைத் தேர்ந்தெடுத்துச் சான்றிதழ்களைக் கேட்கும். எனக்கு அந்தக் கடிதம் வந்தபோது சான்றிதழ்கள் பழைய மின்னஞ்சலிலும் அலமாரியிலும் சிதறிக் கிடந்தன. இரண்டை மீண்டும் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. இப்போது வகுப்பு முடிந்த அன்றே தேதியிட்டு ஒரே கோப்பில் போட்டுவிடுகிறேன். புள்ளிக்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்காமல், உங்கள் பலவீனம் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்; சர்க்கரை நோயாளிகளின் ஈறுகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது போதாது என்று உணர்ந்த ஆண்டில் அதை மட்டுமே தேடிப் படித்தேன். தென்னாப்பிரிக்கப் பல் மருத்துவ இதழில் வரும் கட்டுரைகளைப் படித்து வினாக்களுக்கு விடையளித்தும் புள்ளி பெறலாம். ஹைஜீனிஸ்டுகளின் சங்கமான ஓ.எச்.ஏ.எஸ்.ஏ.வில் மாணவராக இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள். 

உடம்பைப் பற்றியும் பொழுதுபோக்கைப் பற்றியும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் இத்தொழிலில் இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. ஹைஜீனிஸ்டுகள் பலரை வேலையிலிருந்து விரட்டுவது கழுத்தும் தோளும் மணிக்கட்டும்தான். நோயாளியின் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருக்கும்படி நாற்காலியை இறக்குங்கள். நீங்கள் குனியாதீர்கள், நோயாளியின் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். கையில் பணம் சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்ஸ். எனக்கு வீணை உயிர். வேலை முடிந்து வந்து ஒன்றரை மணி நேரம் வாசித்துக்கொண்டிருந்த ஆண்டில், கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கி, குளியலறைக் குழாயைத் திருப்ப முடியாத அளவுக்குப் போயிற்று. பகலெல்லாம் உழைத்த அதே விரல்களை இரவிலும் உழைக்க வைத்ததன் விளைவு அது. வீணையை விட்டுவிடவில்லை, வார இறுதிக்கு மாற்றிக்கொண்டு, வார நாள்களில் விடியற்காலை டர்பன் கடற்கரை நடைபாதையில் நடக்கிறேன், வாரம் இருமுறை நீந்துகிறேன். பூத்தொடுத்தல், பின்னல் வேலை, தையல் ஆகியவற்றில் நாட்டமுள்ளவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமைகளில் கோயில் தமிழ் வகுப்பில் கற்பிப்பது என் மற்றொரு விருப்பம். செப்டம்பர் இந்நாட்டில் தேசிய வாய்ச் சுகாதார மாதம். அந்த மாதம் பாடமே பல்தான். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்ற பழமொழியை எழுதிப் போட்டு, வேப்பங்குச்சியால் துலக்கிய தாத்தாக்களின் கதையைக் கேட்டு வரச் சொல்வேன். பிறகு பெரிய பொம்மைத் தாடையை மேசைமேல் வைத்து, ஆறு வயதில் பாற்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லைக் காட்டுவேன். பாற்பல் விழாமலே அது முளைப்பதால் பெற்றோர் அதையும் பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள் என்றதும், பிள்ளைகள் எல்லோரும் வாய்க்குள் விரலை விட்டுக் கடைசிப் பல்லைத் தேடத் தொடங்குவார்கள். கைகழுவிவிட்டுத் தேடச் சொல்ல வேண்டும் என்பதை முதல் ஆண்டு மறந்துவிட்டேன். இப்போது வகுப்புக்கு வெளியே சோப்பும் வாளியும் வைத்துவிட்டுத்தான் தாடையைப் பையிலிருந்து எடுக்கிறேன்.